கல்லடைப்புக் கண்ட நாய்க்கு என்ன சோறு?

களமசேரி எச்.எம்.டி. சந்திப்பிலிருந்து ஏலூர் வரையில் போய் வருகிறவர்கள் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கலாம். கம்பெனி கேட்டு, மரக்கடை, லாரி ஷெட், லைன் வீடு எதுவானாலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். இராக் காவலுக்கு வாட்ச்மேனுக்குத் துணை அதுதான். அதற்குச் சோறு வைக்கிறவர் பல இடங்களில் தேனியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பிழைக்க வந்த ஒரு தமிழராக இருப்பார். மெஸ்ஸில் மிஞ்சிய சோறு, அதன் மேல் ஒரு கரண்டி சாம்பார், மத்தி மீனின் தலையும் முள்ளும். இதுதான் அதன் அன்றாடப் படி. எர்ணாகுளத்துப் பங்களா வீடுகளிலும் உயர்ந்த ஜாதி நாய்க்கு வேளை தவறாமல் தட்டு வைக்கும் பொறுப்பு வேலைக்காரர் தலையில்தான் விழுகிறது.

இப்படி வளரும் நாய் ஒரு நாள் சுவரோரமாகக் காலைத் தூக்கி நிற்கும். வெகு நேரம் நிற்கும். இரண்டு சொட்டு விழும். அதுவும் சிவப்பாக இருக்கும். 'சூடு பிடித்துவிட்டது, இளநீர் கொடு' என்பார் ஒருவர். 'வாழைத்தண்டுச் சாறு கொடு' என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி வந்துவிடுவார். இந்த யோசனைகளுக்கு நடுவில் ஒரு நாள் கழிந்துபோகும். சில நாய்களுக்கு அந்த ஒரு நாள்தான் உயிருக்குக் கெடு.

நாய்க்கு வரும் மூத்திர உபாதைகளில் பலவற்றுக்கு மருந்தோடு பத்தியமும் உண்டு. சில வகைக் கற்களைக் கத்தி வைக்காமல் சாப்பாட்டினாலேயே கரைத்துவிட முடியும். ஆனால் எந்த நோய்க்கு எந்தப் பத்தியம் என்று தெரியாமல் கொடுத்தால், ஒரு கல்லுக்குப் பதில் வேறொரு கல் வளர்ந்துவிடும். சோறு போடும் கை எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை.

முதலில் கவனிக்க வேண்டியது

அடிக்கடி காலைத் தூக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, இரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது, பழகின நாய் வீட்டுக்குள்ளேயே நனைத்துவிடுவது ஆகியவை மூத்திரப்பையில் புண்ணோ கல்லோ இருப்பதற்கான அடையாளங்கள். இதற்கு அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டினால் போதும்.

முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் கதை வேறு. ஆண் நாயின் குறியில் ஒரு எலும்பு உண்டு. மூத்திரக் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. மூத்திரப்பையிலிருந்து இறங்கும் சிறு கல் அந்த எலும்புக்குப் பின்னால் வந்து சிக்கிக்கொள்ளும். வழி அடைபட்டால் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கும், பொட்டாசியம் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். வாந்தி, சோர்வு, பிறகு மயக்கம். இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிர் போய்விடும். ஆகவே, ஒரு சொட்டும் வராமல் முக்குகிற நாய்க்குப் பத்தியமும் இல்லை, கஷாயமும் இல்லை. இரவானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் வழி. வயிற்றை அமுக்கி விடுவதும், குடம் குடமாகத் தண்ணீர் புகட்டுவதும் ஆபத்து. பை வெடித்துவிடக் கூடும்.

பெண் நாய்க்குக் குழாய் அகலமும் குட்டையுமாக இருப்பதால் அடைப்பு அரிது. ஆனால் கிருமி எளிதில் ஏறும். அதனால் வரும் கல் பெண் நாய்களுக்கே அதிகம்.

உர மூட்டையும் மூத்திரக் கல்லும்

கல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதில் பல ஜாதிகள் உண்டு. நாய்களிடம் பெரும்பாலும் காணப்படுபவை நான்கு: ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட், யூரேட், சிஸ்டைன்.

முதல் வகையைக் களமசேரி, ஏலூர் வாசிகளுக்கு விளக்குவது சுலபம். உத்யோகமண்டலில் உள்ள பாக்ட் ஆலையின் பெயர்பெற்ற உரம் 'பாக்டம்பாஸ்'. அந்த மூட்டையில் இருப்பது அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட். ஸ்ட்ருவைட் கல்லும் அதே குடும்பத்து உப்புதான்: மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் நீரோடு சேர்ந்து இறுகிய பொருள். இதை ஒரு கனிமமாக 1845-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் அடையாளம் கண்டு, ஸ்ட்ருவே என்ற அறிஞரின் பெயரை வைத்தார்கள்.

மூத்திரப்பைக்குள் இந்த உரம் எப்படி உண்டாகிறது? மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. சில கிருமிகள் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். மூத்திரம் காரத்தன்மை அடையும். அப்போது மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து மணலாகப் படியும், மணல் கல்லாகும். நாய்களுக்கு வரும் ஸ்ட்ருவைட் கல்லில் பெரும்பங்கு இவ்வாறு கிருமியால் வருவதே. மூத்திரத்தில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நாற்றம் இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்பர்ன் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் 1981-ல் மிருகங்களின் மூத்திரக் கற்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். பல நாட்டு டாக்டர்கள் கற்களைத் தபாலில் அங்கு அனுப்பினார்கள். தொடக்கத்தில் வந்த நாய்க் கற்களில் முக்கால் பங்கு ஸ்ட்ருவைட். 2007 வாக்கில் ஸ்ட்ருவைட்டும் கால்சியம் ஆக்சலேட்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. ஒரு கல்லைப் பார்த்த மாத்திரத்தில் 'இது கரையும்' என்று முன்போல ஊகித்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

ஒரு நாயின் பெயர் 'பட்டி'

நாய்க்கென்று தனிப் பத்தியச் சாப்பாடு வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மோரிஸ் பிராங்க் என்ற கண்பார்வையற்ற இளைஞர் இருந்தார். வழிகாட்டி நாய்களைப் பழக்கும் முதல் பள்ளி 1929-ல் அந்நாட்டில் ஏற்பட அவரே காரணம். அவருடைய நாயின் பெயர் 'பட்டி'. மலையாளத்தில் நாய்க்கே அதுதான் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை; அவர் மொழியில் அதற்குத் தோழன் என்று அர்த்தம். முதல் பட்டி இறந்த பிறகு வந்த நாய்க்கும் அதே பெயரையே வைத்தார்.

1939 வாக்கில் அவருடைய பட்டிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. கண்ணில்லாதவருக்கு நாய் போனால் கண் இரண்டாம் முறை போன மாதிரி. நியூஜெர்ஸியில் நாய் பூனைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தி வந்த டாக்டர் மார்க் மோரிஸிடம் கொண்டு போனார். டாக்டர் மோரிஸ், சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும்படி புரதத்தையும் உப்பையும் அளவோடு வைத்து ஒரு சாப்பாடு தயாரித்தார். அவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்படியில் சமைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அனுப்பினார்கள். வழியில் ஜாடிகள் உடைந்தன. பிறகு தகர டப்பாவில் அடைக்கத் தொடங்கினார்கள். பட்டி தேறியதும் மற்ற டாக்டர்களும் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டு அடுப்பால் முடியாமல் 1948-ல் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா நகரத்து ஹில் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து ஆலையில் தயாரித்தார்கள். இன்று கடையில் தொங்கும் 'டாக்டர் சீட்டுச் சாப்பாடு' பைகள் எல்லாவற்றுக்கும் மூலம் அந்த அடுப்படிதான். பிரான்சிலும் 1968-ல் ஒரு கால்நடை டாக்டர் 'ராயல் கேனின்' கம்பெனியைத் தொடங்கினார்.

இந்தப் பைகளின் மேல் கொட்டை எழுத்தில் 'யூரினரி' என்றோ 'ரீனல்' என்றோ போட்டிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. யூரினரி என்பது பெரும்பாலும் மூத்திரப்பைக் கல்லுக்கு. ரீனல் என்பது சிறுநீரகம் கெட்ட நாய்க்கு. கடைக்காரர் 'ரெண்டும் மூத்திரத்துக்குத்தான் சேட்டா' என்று எடுத்துக் கொடுத்தால் வாங்கி வந்துவிடக் கூடாது.

கரையும் கல்

ஸ்ட்ருவைட் கல்லுக்குப் பத்தியம் நன்றாகவே வேலை செய்யும். மக்னீசியம், பாஸ்பரஸ் குறைவாகவும், புரதம் அளவாகவும், மூத்திரத்தைச் சற்றுப் புளிப்புத் தன்மைக்குக் கொண்டுவருவதாகவும் அந்தச் சாப்பாடு அமைந்திருக்கும். அதோடு கிருமிக்கான மருந்தும் சேர வேண்டும். கல்லின் ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் கிருமி சிறைப்பட்டிருக்கிறது. கல் கரையக் கரைய அது வெளியே வரும். அதனால் கல் முற்றும் கரையும் வரை மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். நாய் சுறுசுறுப்பாகிவிட்டதென்று பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நடுவில் மாதம் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துக் கல் சிறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2016-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ நிபுணர்களின் கழகம் வெளியிட்ட பரிந்துரையில், ஸ்ட்ருவைட் என்று சந்தேகப்படும் கல்லுக்கு அறுவையைவிட முதலில் கரைக்கும் வழியையே பார்க்க வேண்டும் என்று கூறியிருப்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் கல் சிறுக்கும்போது குழாயில் இறங்கிச் சிக்கக் கூடும் என்பதால் ஆண் நாயைக் கூடுதலாகக் கவனித்து வர வேண்டும்.

இந்தக் கரைக்கும் சாப்பாட்டை எல்லா நாய்க்கும் கொடுப்பதற்கில்லை. வளரும் குட்டிக்கும், சினையாக இருப்பதற்கும், பாலூட்டுவதற்கும் ஆகாது. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கணையக் கோளாறு உள்ள நாய்க்கும் டாக்டர் யோசித்துத்தான் எழுதுவார். கல் கரைந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அதையே போட்டுக்கொண்டிருப்பதும் தவறு.

கரையாத கல்

கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் பத்தியம் உலகத்தில் எங்கும் இல்லை. ஷிட்சூ, லாசா ஆப்சோ, மினியேச்சர் ஷ்னாசர் போன்ற சிறு ஜாதி நாய்களுக்கு இது அதிகம். இந்தக் கல்லை அறுவை செய்தோ வேறு முறையிலோ எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு மறுபடி வராமல் தடுக்கத்தான் பத்தியம். தடுப்பு இல்லாவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு மறுபடி கல் வருகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ருவைட்டைக் கரைக்க மூத்திரம் புளிப்பாக வேண்டும். ஆக்சலேட்டுக்கோ அந்தப் புளிப்பே ஊக்கம். பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்ட சாப்பாடு இந்த நாய்க்குக் கேடு செய்யலாம் என்பது இதனால்தான்.

ஆக்சலேட் கல் கண்ட நாய்க்குப் பசலைக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, முந்திரி, வேர்க்கடலை ஆகாது. வைட்டமின் சி மாத்திரை உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். எலும்பு பலப்படட்டும் என்று டாக்டரைக் கேளாமல் கால்சியம் டானிக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அரிசிச் சோறு இந்த விஷயத்தில் சாது. அதனால் கெடுதல் இல்லை.

புள்ளி நாயின் பரம்பரைக் குறை

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய் கேரளத்துப் பங்களாக்களிலும் உண்டு. மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை வேறொரு சரக்காக மாற்றி வெளியேற்றிவிடும். டால்மேஷன் அப்படியே மூத்திரத்தில் விடும். இதை 1916-லேயே அமெரிக்க இரசாயனப் பேராசிரியர் ஸ்டான்லி பெனடிக்ட் எழுதினார். யூரிக் அமிலம் யூரேட் கல்லாக இறுகும். 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அறிஞர் ஒரு பாயிண்டர் நாயோடு டால்மேஷனை இணைத்து, அதன் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து, புள்ளியும் கெடாமல் குறையும் நீங்கிய வகையை உண்டாக்கினார். குறைக்குக் காரணமான மரபணுவை 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

இந்த நாய்க்கு எது ஆகாது தெரியுமா? ஈரல், மண்ணீரல், இதயம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி. அடுத்தது மத்தியும் நெத்திலியும். கொச்சியில் விலை மலிவாகக் கிடைப்பது இவைதான். 'நாய்க்குத்தானே' என்று சந்தையில் வாங்கி வேகவைத்துப் போடுவதும் இவைதான். டால்மேஷனுக்கு இது தினமும் கல்லுக்கு விதை ஊன்றுவது போல. முட்டை, பால், தயிர் வகைப் புரதம் இதற்கு மேல். கல் ஏற்கனவே இருந்தால் பத்தியத்தோடு டாக்டர் மாத்திரையும் கொடுத்துக் கரைக்கப் பார்ப்பார். யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, ஸ்கேன் வேண்டும். மற்ற ஜாதி நாய்க்கு யூரேட் கல் வந்தால் கல்லீரலில் கோளாறு உண்டா என்றும் பார்ப்பார்கள்.

நான்காவதான சிஸ்டைன் அரிது. இங்கிலீஷ் புல்டாக் போன்ற சில ஜாதிகளில், விதை நீக்காத ஆண் நாய்களிடம் பெரும்பாலும் காணப்படும். பலவற்றுக்கு விதை நீக்கினாலே குறையும்.

எல்லாக் கல்லுக்கும் பொது மருந்து

எந்தக் கல்லானாலும் பொதுவான மருந்து ஒன்று உண்டு, அது தண்ணீர். மூத்திரம் நீர்த்துப்போனால் உப்புகள் இறுகுவதில்லை. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்குச் சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்து நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கல் கண்ட நாய்க்கு அதற்கு மேலும் வேண்டும். கடையில் விற்கும் காய்ந்த உருண்டைத் தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் நீர். டப்பாவில் வரும் ஈரச் சாப்பாட்டில் முக்கால் பங்கு நீர். வெந்த சோற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். காய்ந்த தீனி போடுகிறவர்கள் அதில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கலாம்.

ஷெட்டில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஒரே சட்டியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் வெயிலில் சுட்டுவிடும். நாய் வாய் வைக்காது. நிழலில் இரண்டு இடத்தில் மண்சட்டி வைத்து வேளைக்கு வேளை மாற்ற வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று வீட்டில் உப்பை அள்ளிப் போடக் கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

தண்ணீரைப் போலவே வெளியே விடுவதும் முக்கியம். இராத்திரி முழுக்கக் கட்டிப்போட்டு, பழகின நாய் அடக்கிக்கொண்டே கிடந்தால் உப்புகள் படியத் தாராளமான நேரம் கிடைத்துவிடும். நாளைக்கு நான்கைந்து முறையாவது அவிழ்த்துவிட வேண்டும்.

பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டு, நெருஞ்சி, சிறுகண்பீளை பற்றிப் பலரும் கேட்பார்கள். உப்புப் போடாத பார்லிக் கஞ்சி, தண்ணீர் உள்ளே போகிற ஒரு வழி என்ற அளவில் நல்லது. கல்லைக் கரைப்பது என்பது வேறு. மனிதனுக்குச் சொன்ன கஷாயத்தை அதே அளவில் பத்துக் கிலோ நாய்க்குப் புகட்டுவதும், அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவதும்தான் கெடுதல்.

மெஸ் சோற்றில் ஒளிந்திருப்பவை

சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கிறது, இரசத்தில் பூண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அப்போது மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். பார்க்கிறவர்கள் கல் என்று நினைத்துக்கொள்வார்கள். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு ஏராளம். திராட்சையும் காய்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டே நாளில் பாழாக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அறிஞர்கள் தெரிவித்தார்கள். மனிதர்களின் வலி மாத்திரைகளும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

பத்தியம் தோற்பதற்கு மருந்தைவிட மனிதர்களே காரணம். மூன்று ஷிப்டில் மூன்று வாட்ச்மேன்கள். ஒருவர் பிஸ்கட் போடுவார், ஒருவர் புரோட்டா சால்னா போடுவார், ஒருவர் மீன் முள் போடுவார். டாக்டர் எழுதிய சாப்பாட்டை அளந்து வைத்தவரின் பாடு வீண். நாய்க்குப் பத்தியம் என்றால் ஷெட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கேட்டில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாலும் தவறில்லை. தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதுவது இந்தக் காலத்துக்குப் பொருத்தம். புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றினால் வயிறு போகாது.

பையில் அடைத்து வந்ததெல்லாம் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. 2007-ல் அமெரிக்காவில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் சரக்கு கலந்த சீனக் கோதுமைப் புரதத்தால் நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகம் படிந்து பல மாண்டன. ஆறு கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் உறைகளையும் திரும்பப் பெற்றார்கள். மறு ஆண்டு அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் கலந்து சுமார் மூன்று லட்சம் குழந்தைகளைப் பாதித்தது. நாய்க்கு வந்த அபாயத்தை மனிதன் முன்னெச்சரிக்கையாகக் கொண்டிருக்கலாம்.

அதிகம் குடித்து அதிகம் கழிக்கும் நாய்

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நாயும் உண்டு. சட்டி சட்டியாகக் குடிக்கும், போகிற இடமெல்லாம் நனைக்கும், உடம்பு இளைக்கும். இது கல் அல்ல. சிறுநீரகம் கெட்டிருக்கலாம், சர்க்கரை வியாதியாகலாம், பெண் நாயானால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும். அப்படிப்பட்ட நாய்க்குத் தண்ணீரை நிறுத்துவது கொலைக்குச் சமம்.

சிறுநீரகம் கெட்டது என்று உறுதியானால் பாஸ்பரஸ் குறைந்த, புரதம் அளவான ரீனல் பத்தியம். இதன் பலனை 2002-ல் மின்னசோட்டாவில் 38 நாய்களிடம் சோதித்தார்கள். சாதாரணச் சாப்பாடு தின்றவை நடுத்தரமாக 188 நாள் இருந்தன. பத்தியச் சாப்பாடு தின்றவை 594 நாள். கெட்ட சிறுநீரகம் திரும்பி வராது. ஆனால் ஆறு மாத ஆயுளை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீட்ட முடிந்தது, அதுவும் சோற்றால்.

பெரியாற்றங்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று எலிக்காய்ச்சல். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அது பரவியதைக் களமசேரி, ஆலுவா மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் நாய்க்கும் அந்நோய் வந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் வரக்கூடும். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் உள்ள நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்கக் கூடாது. நாய்க்கு ஆண்டுக்கொரு முறை தடுப்பூசி போட வேண்டும். கையில், காலில் புண் உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எங்கே, எப்படி?

கேரளத்தில் கால்நடை ஆஸ்பத்திரிப் பலகையில் 'மிருகாசுபத்திரி' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். டாக்டரிடம் நோயைச் சொல்லத் தெரியாமல் திகைப்பவர்கள், 'பட்டி மூத்ரம் ஒழிக்குன்னில்ல' என்றால் மூத்திரம் போகவில்லை என்று பொருள். 'மூத்ரத்தில் சோர உண்டு' என்றால் இரத்தம் போகிறது என்று பொருள். இங்கே சோர என்பது இரத்தமே தவிர சோறு அல்ல.

போகும்போது சுத்தமான பாட்டிலில் அன்று காலை பிடித்த மூத்திரத்தைக் கொண்டு போனால் நல்லது. கல் ஏதாவது வெளியே விழுந்திருந்தால் எறியாமல் காகிதத்தில் மடித்துக் கொண்டு போக வேண்டும். எந்த ஜாதிக் கல் என்பதை அந்தச் சிறு துண்டு சொல்லிவிடும். நாய் என்ன தின்கிறது என்று டாக்டர் கேட்டால், முதலாளிக்குப் பயந்து 'நல்ல சாப்பாடுதான்' என்று சொல்லாமல், கருவாட்டுத் தலை உட்பட உள்ளதைச் சொல்ல வேண்டும். பத்தியம் எழுதுவதற்கு அதுதான் ஆதாரம்.

பெரிய சிகிச்சைக்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. களமசேரியிலிருந்து சாலை வழியே எழுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான். 'ஊருக்கே கொண்டு போய்விடுகிறேன், வேப்பேரியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது' என்பவர்களும் உண்டு. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பெயர்பெற்றதுதான். ஆனால் இரயிலில் நாய்க்குப் பெரும்பாலும் கிடைப்பது பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டி. பார்சல் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். சோறும் தண்ணீரும் சொந்தக்காரர் பொறுப்பு. எர்ணாகுளத்திலிருந்து சென்னைக்கு இரவு முழுதும், சுமார் பன்னிரண்டு மணி நேரம், அந்தப் பெட்டிக்குள் மூத்திர உபாதை கண்ட நாய் அடக்கிக்கொண்டு கிடக்கும். மூத்திரம் அடைபட்ட நாயானால் வேப்பேரி போய்ச் சேராது. பக்கத்து மிருகாசுபத்திரியில் காட்டி, அடைப்பை நீக்கி, நாய் தெம்பான பிறகு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

செலவுக்கு வழி

டாக்டர் சீட்டுச் சாப்பாட்டின் விலை, அரிசி வாங்கும் கைக்குச் சுமைதான். மாதக் கணக்கில் வாங்குவது எல்லோராலும் ஆகாது. இதை டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடலாம். கல்லைக் கரைக்கும் இரண்டு மூன்று மாதம் மட்டும் அந்தச் சாப்பாடு, பிறகு தடுப்புக்கு வீட்டுச் சமையல் என்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கலாம். எவ்வளவு சோறு, எவ்வளவு முட்டை, எந்தக் காய், எந்தச் சத்து மருந்து என்று எடைக்கு ஏற்ப எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் தயிர்ச் சோறே பத்தியம் என்று மாதக்கணக்கில் போட்டால் வேறு சத்துக் குறைவுகள் வரும்.

பங்களாவில் வேலை பார்க்கிறவருக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. நாய்க்கு ஏதாவது ஆனால் 'நீ என்ன போட்டாய்?' என்ற கேள்வி முதலில் அவர்மேல்தான் பாயும். தினமும் என்ன வைத்தோம், நாய் எத்தனை முறை மூத்திரம் போயிற்று, எந்த நிறம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்தால், அது நாய்க்கும் வைத்தியம், வேலைக்காரருக்கும் சாட்சி. சிவப்பு நிறம் கண்ட அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் பழி பாதி குறையும். நாய் பிழைக்கவும் வழி உண்டாகும்.

ஏலூரிலோ வாத்துருத்தியிலோ லைன் வீட்டு வாசலில் கிடக்கும் நாய்க்கு இந்த நோட்டுகூட வேண்டியதில்லை. சோறு வைக்கிறவர் தட்டை மட்டும் பார்க்காமல், அது காலைத் தூக்கும் சுவரையும் தினமும் ஒரு முறை பார்த்தால் போதும்.